அக்காவைத் தவிர எல்லோருக்கும்

அத்தியாயம் 14

பொய் சொல்வது வேறு, சொல்லாமல் விடுவது வேறு என்று போன வாரம் புருஷனும் பெண்டாட்டியும் சமையலறையில் நின்று தங்களுக்குத் தாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டார்கள். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் பேசினார்கள். பக்கத்து அறையில் அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். லிப்ட் மெக்கானிக்கான தம்பியைக் கம்பெனி வேறு ஊருக்கு மாற்றுகிறது. ரயிலில் போனால் ஆறு மணி நேரம். அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் அவன் மனைவி டீச்சருக்கும் வேலை கிடைத்துவிட்டது. கம்பெனி கொடுக்கும் வீட்டில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை. அடுத்த மாதம் முதல் தேதி சாமான் ஏற்ற வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்டால் கைவசம் காரணம் இருந்தது. அக்காவுக்குச் சனிக்கிழமை பரீட்சை. பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறவள். சூப்பர்வைசர் ஆக வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் எழுத்துப் பரீட்சை பாஸாக வேண்டும். இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கோட்டை விட்டாள். மூன்றாவதோடு சரி, அதற்கு மேல் வாய்ப்பு கிடையாது என்று ஓட்டலில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். பரீட்சை முடியட்டும், பிறகு சொல்லலாம் என்பது தம்பியின் கட்சி.

என்னைக் கேட்டால் அவனுக்குப் பயம். அவளிடம் யாருக்குத்தான் பயமில்லை? சலவைப் பிரிவில் அவளுக்கு வைத்த பெயர் 'கஞ்சி'. துணிக்குப் போடுகிற கஞ்சி. வளைய மாட்டாள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் கல்யாணம் சரிப்பட்டு வராமல் ஒரே ஒரு பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தாள். வந்த மூன்றாம் நாளே பாத்திர அலமாரியை இடம் மாற்றினாள். போன வருஷம் தம்பியும் டீச்சரும் நாலு நாள் வெளியூர் போய்விட்டுத் திரும்பியபோது அவர்களுடைய படுக்கையறைச் சுவர் பச்சையாகியிருந்தது. "வெள்ளை அழுக்காகுது" என்றாள். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

இனி புதன்கிழமைக்கு வருவோம்.

மருந்துக்கடை மாடியில் டீச்சர் ஆங்கில வகுப்பு நடத்துகிறாள். ஷிப்ட் வேலைக்காரர்களுக்கான வகுப்பு, காலை பத்து மணிக்கு. இரண்டு கூட்டம். திங்கள், வியாழன் ஒன்று. அதில் அக்காவும் உண்டு. செவ்வாய், புதன் இன்னொன்று.

டீச்சருக்கு ஒரு வழக்கம். புத்தகத்தில் இருக்கிற உதாரண வாக்கியங்களை அவள் தொடவே மாட்டாள். யாரோ ஒருவன் ஆப்பிள் தின்றதும், பூனை மேசைக்கு அடியில் இருந்ததும் யார் மனசில் நிற்கும் என்பாள். விடிகாலையில் எழுந்து, வீட்டில் முந்தின நாள் நடந்ததையே வாக்கியங்களாக்கிப் பயிற்சித் தாள் தயாரிப்பாள். புருஷனின் குறட்டையில் நிகழ்காலம். பால் பொங்கி வழிந்ததில் இறந்தகாலம். அக்கா இருக்கிற கூட்டத்துக்கு மட்டும் ஆட்களை மாற்றிவிடுவாள். அக்கா மேனேஜர் ஆவாள், தம்பி வாட்ச்மேன் ஆவான். புதன்கிழமைக் கூட்டத்துக்கு அந்தச் சிரமம் இல்லை. அவர்களுக்குக் குடும்பத்தில் யாரையும் தெரியாது. ஆகவே எல்லாம் அப்படியே போகும்.

ஏழு மாதமாகப் புதன்கிழமைக்காரர்கள் அந்தக் குடும்பக் கதையைத் தொடர்ந்து படித்து வருகிறார்கள். என் வாசகர்களைவிட ஒழுங்காகப் படிக்கிறார்கள் என்று வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அன்றைய பாடம் சம்படி, எனிபடி, எவ்ரிபடி, நோபடி. இன்னார் என்று குறிப்பிடாமல் ஆளைச் சொல்கிற சொற்கள். எது கேள்விக்கு வரும், எது மறுத்துச் சொல்லும்போது வரும், எதற்குப் பக்கத்தில் ஒருமை வினை வரும் என்பதில் எல்லோருக்கும் குழப்பம். அக்கா இரண்டாவது தடவை கோட்டை விட்டதும் இதே பாடத்தில்தான்.

வீட்டில் பன்னிரண்டு நாளாக ஒரே விஷயம்தான் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் வேறெதை எழுதுவாள்? நாலே நாலு வாக்கியம். கோடு போட்ட இடத்தை நிரப்ப வேண்டும். பதினைந்து பிரதி எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

ஓட்டலில் அன்று காலை நீராவிக் குழாய் ஒழுகியது. படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிற ரோலர் நின்றுவிட்டது. ரிப்பேர்காரர் வர மதியம் ஆகும் என்றார்கள். அக்காவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பரீட்சைக்கு மூன்று நாள்தான் இருக்கிறது, ஒரு வகுப்பு அதிகமாகப் போனால் லாபம்தானே என்று பஸ் ஏறிவிட்டாள்.

அவள் மாடி ஏறி வந்தபோது டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பித் தேதி எழுதிக்கொண்டிருந்தாள். தாள்கள் கைக்குக் கை போய்க்கொண்டிருந்தன. அக்கா கடைசி வரிசையில் பேக்கரி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளை வாங்கிக்கொண்டாள்.

டீச்சர் திரும்பினாள். அக்காவைப் பார்த்தாள். அக்கா கையில் தாளையும் பார்த்தாள்.

"இந்த ஷீட் வேணாம்" என்றாள். "வேற தரேன். எல்லாரும் திருப்பிக் குடுங்க."

"ஏன் டீச்சர், நல்லாத்தானே இருக்கு" என்றார் முதல் வரிசை செக்யூரிட்டி. அவருக்கு எப்போதும் முதல் கேள்வி தனக்கு வேண்டும். அனுமதிக்குக் காத்திருக்காமல் படித்தார்.

வகுப்பில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. பொருளை மட்டும் இங்கே தமிழில் தருகிறேன். முதல் வாக்கியம்: யாரோ ஒருவர் (அந்த இடத்தில்தான் கோடு) காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"சம்படி" என்றார் செக்யூரிட்டி.

"சரி. போதும். ஷீட்டைக் குடுங்க."

"இருங்க டீச்சர், ரெண்டாவது என்னுது" என்றார் டாக்சி டிரைவர். அக்காவைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்பது அந்த வாக்கியம். எவ்ரிபடி என்று சரியாகவே சொல்லிவிட்டு அவர் தலையைச் சொறிந்தார். "எல்லாரும்னா நிறையப் பேர்தானே? அப்புறம் ஏன் பக்கத்துல ஒருமை போடறாங்க?"

டீச்சருக்கு வேறு வழியில்லை. "இங்கிலீஷ்ல கும்பலா எடுத்துக்க மாட்டாங்க. ஒவ்வொரு ஆளா எண்ணுவாங்க. அதனால ஒருமை."

"அப்ப இந்த வீட்ல ஒவ்வொரு ஆளுக்கும் தெரியும். அந்த அக்காவுக்கு மட்டும் தெரியாது. அதே அக்காதானே டீச்சர், பச்சைச் சுவர் அக்கா?"

"அதேதான்" என்று செக்யூரிட்டி பதில் சொன்னார். "போன மாசம் டிவி ரிமோட்டை பீரோல வச்சுப் பூட்டிட்டுப் போச்சே, அது."

வகுப்பு சிரித்தது. பேக்கரி அம்மா அக்கா பக்கம் சாய்ந்து, புது ஆளுக்கு உதவுகிற நல்ல மனசோடு சொன்னாள். "உங்களுக்கு முன்கதை தெரியாது. டீச்சர் ஒரு குடும்பத்தை வச்சுத்தான் பாடம் நடத்துவாங்க. கற்பனைதான். ஆனா அந்த அக்கா இருக்கே, சரியான ராங்கி."

"அப்படியா" என்றாள் அக்கா. "இன்னும் என்னெல்லாம் பண்ணியிருக்கா?"

"சாப்பாட்டு மேசைல யார் எங்க உக்காரணும்னு அதுதான் சொல்லும். தம்பி சட்டையை அவன் பொண்டாட்டி தேய்ச்சா பிடிக்காது. அவிழ்த்து வாங்கி மறுபடி தேய்க்கும்."

"காலர் சரியா தேயலைன்னா என்ன பண்றது" என்றாள் அக்கா.

டீச்சரால் வகுப்பை நிறுத்தவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. நர்ஸம்மா மூன்றாவதைப் படித்தாள். ஆனால் அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. நோபடி என்று எழுதியதோடு விடாமல் பக்கத்தில் ஒரு 'நாட்'டும் சேர்த்துப் போட்டிருந்தாள்.

"நாட் வேணாம்" என்றாள் டீச்சர். யார் குரலோ மாதிரி இருந்தது. "நோபடியிலேயே இல்லைங்கறது இருக்கு. ரெண்டு தடவை வரக்கூடாது."

"பாவம் டீச்சர் அந்த அக்கா" என்றாள் நர்ஸம்மா. "ராங்கியா இருந்தாலும் கூடவே இருக்கிற பொண்ணு. அதுகிட்ட சொல்லாம எப்படி? நீங்க இப்படி எழுதியிருக்கக் கூடாது."

நாலாவது வாக்கியம் பாக்கி. யாரும் கை தூக்கவில்லை. கடைசி வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அக்கா எழுந்து நின்று, இரண்டு கையாலும் தாளைப் பிடித்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகப் படித்தாள்.

அவளுக்கு என்ன வேண்டும் என்று யாராவது அவளிடம் கேட்டார்களா?

"எனிபடி" என்றாள். "கேள்விங்கறதால."

"கரெக்ட்" என்று டீச்சரின் உதடு மட்டும் அசைந்தது.

வகுப்பு முடிந்ததும் முதலில் படியிறங்கியது அக்காதான். தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "வரேன்" என்று பொதுவாகச் சொன்னாள். டீச்சர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தபோது அவள் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். கூப்பிடத் தைரியம் வரவில்லை. புருஷனுக்குப் போன் போட்டாள்.

அவன் அப்போது ஒரு பத்து மாடிக் கட்டடத்தில், லிப்ட் பெட்டியின் கூரை மேல் உட்கார்ந்து கம்பி வடத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான்.

"அண்ணிக்குத் தெரிஞ்சுபோச்சு."

"என்ன தெரிஞ்சுபோச்சு?"

"எல்லாம். ஷீட்ல இருந்துச்சு."

நடந்ததைக் கேட்டு முடித்ததும் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உன்னை யாரு வீட்டைத் தூக்கிப் பேப்பர்ல போடச் சொன்னது? இப்ப பரீட்சை போச்சு. மூணாவது தடவை. அவ எழுதுவாளா இனிமே?"

"தப்புதாங்க. ஆனா பன்னெண்டு நாள் முன்னாடியே நீங்க சொல்லியிருந்தா அது ரகசியமாவே இருந்திருக்காது."

"நாம அவளைக் கேக்கலைன்னு சொல்றியா? அவ என்னிக்கு நம்மளைக் கேட்டா? சுவருக்குக் கேட்டாளா?"

"சுவரும் இதுவும் ஒண்ணாங்க?"

கீழே எங்கோ ஒருவர் லிப்ட் கதவை விடாமல் தட்டுகிற சத்தம் போனில் கேட்டது. இந்த மாதிரி நேரத்தில் ஆண்பிள்ளைகளுக்கு வேலை வந்துவிடும். "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

டீச்சர் காலி வகுப்பில் உட்கார்ந்து மிச்சமிருந்த தாளை எடுத்துப் பார்த்தாள். முதல் மூன்று வாக்கியமும் எப்படி வந்தன என்று அவளுக்குத் தெரியும். நாலாவதை எப்போது எழுதினோம் என்றே ஞாபகம் வரவில்லை. தூக்கக் கலக்கத்தில் தானாக வந்திருக்க வேண்டும். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

ஓட்டலின் அடித்தளத்தில் இரண்டு மணிக்கு ரோலர் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஈர விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து, சுருக்கமில்லாமல் உள்ளே விட வேண்டும். அந்தப் பக்கம் தேய்ந்து வருவதை அக்கா வாங்கி மடிப்பாள். கறை இருந்தால் மடிக்காமல் தனி வண்டியில் போடுவாள். அன்று மூன்று கறை விரிப்பை மடித்து அடுக்கிவிட்டாள். எதிரில் நின்ற பெண் அதை எடுத்துக் காட்டியபோது ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். பதினேழு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

மூன்று மணிக்கு ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு மேல்மாடியில் ஊழியர் விவகாரங்களைக் கவனிக்கும் பர்சனல் ஆபீசரம்மாவைப் பார்க்கப் போனாள்.

"கடலோரக் கிளைல சூப்பர்வைசர் இடம் ஒண்ணு இருக்குன்னு போன வருஷம் சொன்னீங்க. இப்பவும் இருக்குங்களா?"

ஆபீசரம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இருக்கு. அங்க போக ஆள் கிடைக்கல. தங்க ரூம் அவங்களே தராங்க. ஆனா நீங்கதானே வேண்டாம்னீங்க? தம்பி குடும்பம் இருக்கு, நான் இல்லாட்டி அதுங்க தடுமாறிடும்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"இந்தத் தடவையாவது வீட்ல கேட்டுட்டீங்களா?"

"போன தடவையே கேக்கலீங்க" என்றாள் அக்கா. "நானாத்தான் வேண்டாம்னேன். அதுங்களுக்கு இப்படி ஒண்ணு வந்ததே தெரியாது."

எனக்கு அக்காவை இந்த இடத்தில்தான் பிடித்தது. இத்தனை வாரமாக அவளை எழுதி வருகிறேன். தன் மேல் தானே ஒரு குற்றம் சொல்லி இன்றுதான் பார்க்கிறேன். அவர்கள் அவளைக் கேட்கவில்லை என்பது நெஞ்சை அறுக்கிறது. அவளும் கேட்காமலேதான் அவர்களுக்காக ஒரு வேலையை உதறியிருக்கிறாள். அதனால் வலி குறைந்துவிடவில்லை.

"சனிக்கிழமை பாஸானா பேரை அனுப்பிடறேன்" என்றார் ஆபீசரம்மா. "ஆனா திங்கட்கிழமைக்குள்ள போறேன், போகலைன்னு முடிவு சொல்லணும். பாஸாகலைன்னா இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல. தெரியும்ல?"

"தெரியுங்க."

சாயங்காலம் ஐந்தரைக்கு அக்கா வீட்டுக்கு வந்தபோது தம்பி முன்னமேயே வந்திருந்தான். மேசை மேல் ஒரு டஜன் ஆரஞ்சு. அவள் அதைப் பார்த்தாள். கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். டீச்சர் நின்றுகொண்டே இருந்தாள்.

"மன்னிச்சிருங்க அண்ணி."

"எதுக்கு? ஊருக்குப் போறதுக்கா, ரிமோட் கதைக்கா?"

"ரெண்டுக்கும்."

"ரிமோட்டைப் பூட்டினது நிஜம்தானே. அதுக்கு எதுக்கு மன்னிப்பு." ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்காமல் கையில் உருட்டினாள். "ஏழு மாசமா ஊர்ல நாலு பேர் என்னைப் பத்திச் சிரிச்சிருக்காங்க. நல்லாத்தான் எழுதறே. அந்த பேக்கரிக்காரம்மா என்னை அப்படியே சொல்லுது."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அக்கா" என்றான் தம்பி. "மறைக்கணும்னு இல்லக்கா. பரீட்சை நேரத்துல உன் மனசைக் கலைக்க வேண்டாம்னுதான். சனிக்கிழமை முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தோம்."

"எத்தனை நாளா தெரியும்?"

"ஒரு வாரமா" என்றான் அவன்.

"பன்னெண்டு நாளா" என்றாள் டீச்சர்.

அக்கா தலையாட்டினாள். "அந்த வீட்ல எத்தனை ரூம்?"

"ஒண்ணு. பெரிய ஹால் இருக்குக்கா."

"அப்ப கையெழுத்துப் போடும்போதே எனக்கும் சேர்த்துப் பதில் எழுதிட்டீங்க."

தம்பி மேசை மேல் இருந்த ஆரஞ்சுகளை வரிசையாக அடுக்கினான்.

"நான் வரமாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள் அக்கா. "இங்க எனக்கு வேலை இருக்கு. உங்ககூட ஆயுசு பூரா ஒட்டிக்கிட்டு இருக்கணும்னு எனக்கும் ஆசையில்ல. நீ போறது தப்புன்னு சொல்ல மாட்டேன். போகத்தான் வேணும். ஆனா நீ வந்து கேப்பேன்னு நினைச்சேன்டா. அக்கா, இப்படி ஒண்ணு வந்திருக்கு, நீ என்ன சொல்றேன்னு கேப்பேன்னு நினைச்சேன்."

கடைசி வார்த்தையில் அவளுக்குக் குரல் உடைந்தது. மறைக்கவில்லை. முகத்தைத் துடைக்கவும் இல்லை. அவள் அழுது அவர்கள் பார்த்ததில்லை. பெட்டியோடு வந்து நின்ற அன்றுகூட அவள் அழவில்லை. தம்பி எழுந்து அவள் நாற்காலிப் பக்கம் போனான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலி முதுகில் வைத்தான்.

"உன்கிட்ட சொல்லப் பயமா இருந்துச்சுக்கா. அதுதான் நிஜம். பரீட்சையெல்லாம் சும்மா."

"பயப்படற மாதிரிதான் நானும் இருந்திருக்கேன்."

"இப்ப கேக்கறேன். நீ எங்ககூட வர்றியா? கம்பெனி வீடு வேணாம். வெளில ரெண்டு ரூம் இருக்கற மாதிரி பாத்துக்கறோம்."

அவன் மனசாரத்தான் கேட்டான். டீச்சரும் "வாங்க அண்ணி" என்றாள்; வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை. அது அக்காவுக்கும் தெரிந்தது. அவள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சனிக்கிழமை பரீட்சை முடியட்டும். சொல்றேன்."

"இப்பவே சொல்லேன்க்கா. வர்றியா இல்லையா?"

"உங்களுக்கு சாமான் கட்டற வேலை இருக்கு" என்றாள் அக்கா. "இந்த நேரத்துல உங்க மனசைக் கலைக்க வேண்டாம்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், பாடத்தை வாய்விட்டுப் படிக்கிற சத்தம் கேட்டது. தம்பி டீச்சரைப் பார்த்தான், டீச்சர் தம்பியைப் பார்த்தாள். கடலோரக் கிளையைப் பற்றி இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது.